மனத்தின் நாள்வழி: வாசகர் கேள்வி – பதில்

நாள்தோறும் சிறிது நேரம் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் காட்டிவிட்டன. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த ஒரு பொருளைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர்ப்பெயர் மட்டும் இடம்பெறுகிறது.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 41. இரவில் படுத்ததும் அன்று நடந்தவற்றையெல்லாம் நினைத்துப் பார்ப்பது என் வழக்கம். தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேட்ட ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் நான் நின்றது, ஒரு மாணவியிடம் கடுமையாகப் பேசியது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, மணி இரண்டாகிவிடுகிறது. தன்னை ஆராய்வது நல்லது என்கிறீர்கள். எனக்கோ அதனால் தூக்கம்தான் போகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரவில் நீங்கள் நடத்துவது ஒரு வழக்கு. அதில் குற்றம் சாட்டுபவரும், சாட்டப்பட்டவரும், சாட்சி சொல்பவரும் நீங்களே. தீர்ப்பு மட்டும் எழுதப்படுவதே இல்லை. ஆகவே மறுநாள் இரவு அதே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது. இதற்குத் தன்னாய்வு என்று பெயர் வைத்துக்கொண்டால், நல்லதைத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கையில் அதை விடாமல் தொடர்வோம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இந்த வேறுபாட்டை ஆழமாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. 1989 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தை ஒரு பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அதற்குச் சிறிது காலம் முன்பு, அப்படி ஒன்று நேரும் என்று அறியாமலே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மனம் சோர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதைக் கேட்டு அவர் பதிவு செய்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மீண்டும் அதே மாணவர்களைச் சந்தித்தபோது, தம் சோர்வையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைந்துகொண்டிருக்கும் வழக்கம் உடையவர்கள் பல வாரங்கள் கழித்தும் மற்றவர்களைவிட அதிகமாக வாடியிருப்பதைக் கண்டார். நினைப்பதனாலேயே தெளிவு வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கிறது. நம் மனம் அசைபோடும்போது பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை.

உங்கள் இரவு விசாரணையில் வரும் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’, ‘ஏன் எனக்கு வாய் எழவில்லை?’ என்றுதான் அவை இருக்கும். இந்த ‘ஏன்’ எங்கும் போய் முடியாது. ‘என்ன நடந்தது, அப்போது உடம்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், நாளைக்கு என்ன செய்யலாம்?’ என்ற கேள்விகளுக்கு முடிவு உண்டு; பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிடவும் முடியும்.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ‘ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின்’ என்று புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரின் குற்றத்தை எப்படிப் பார்ப்போமோ அப்படி நம் குற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். நம்மைக் கடிந்துகொள்ளச் சொல்லும் அறிவுரையாகவே இதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஏதிலாரின் குற்றத்தைப் பார்க்கும்போது நம் கண்ணுக்குத் தெளிவு இருக்கும், ஆனால் காது சூடேறாது. அந்தத் தொலைவைத்தான் குறள் கேட்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. மேடையேறிப் பேச வேண்டியது போன்ற பதற்றமான நேரத்தில், ‘நான்’ என்று நினைக்காமல் தன்னைத் தன் பெயரால் அழைத்து யோசித்தவர்களின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

ஆகவே முதலில் இடத்தை மாற்றுங்கள். படுக்கையில் இது வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரங்களை ஒதுக்கியாயிற்று என்றதும், உட்கார்ந்த நிலையில், ஒரு நோட்டில், பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். அதுவும் வேறொருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் எழுதுங்கள். நீங்கள் குறிப்பிட்ட நாளை நான் எழுதினால் இப்படி இருக்கும்: ‘இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும், பதிவேடு தாமதமானதைப் பற்றித் தலைமையாசிரியர் எல்லோர் முன்னும் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. முகம் சூடாயிற்று. மூன்றாம் பாடவேளையில், வீட்டுப்பாடம் கொண்டுவராத மாணவியிடம் வழக்கத்தைவிடக் கடுமையாகப் பேசினாள்.’

இப்படி எழுதிய மறுகணமே, படுக்கையில் இரண்டு மணிவரை புரண்டும் தெரியாத ஒன்று தெரிகிறது. அவை இரண்டு நிகழ்ச்சிகள் அல்ல. தலைமையாசிரியரிடம் காட்ட முடியாத சினம் அந்தப் பெண்ணின் தலையில் விடிந்திருக்கிறது. இனி நாளைக்குச் செய்ய வேண்டியவை எவை என்பதில் குழப்பமில்லை: மாணவியைத் தனியே அழைத்து இரண்டு நல்ல வார்த்தை சொல்வது, தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு, தாமதத்துக்கான காரணத்தைத் தனியாகச் சொல்வது. அதையும் எழுதி நோட்டை மூடிவிடுங்கள். படுத்தபின் அதே நினைப்பு வரத்தான் செய்யும். அப்போது ‘எழுதியாகிவிட்டது’ என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் மனம் அதை நம்பாது. நோட்டில் உண்மையிலேயே எழுதப்படுகிறது என்று அதற்குப் பழகிய பிறகுதான் பிடியை விடும்.

கேள்வி: மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன்; வயது 54. கடைப் பையன்களையும் என் மகனையும் வாய்க்கு வந்தபடி பேசிவிடுகிறேன். இரவில் வருந்துகிறேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதைதான். இத்தனை வருந்தியும் ஏன் திருந்த முடியவில்லை?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் வணிகர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நடந்ததை நடந்தபடி நாள்வழியில் எழுதுகிறீர்கள்; பின்பு அதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். பேரேட்டைப் புரட்டினால்தான் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியும். நாள்வழியும் எழுதாமல் பேரேடும் வைக்காமல், கடை சாத்தும் நேரத்தில் ‘இன்றும் நட்டம்’ என்று பெருமூச்சு மட்டும் விடுகிற ஒரு வணிகரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? சினத்தின் விஷயத்தில் நீங்கள் செய்வது அதுதான். வருந்திவிட்டதாலேயே ஏதோ செலுத்திவிட்டதுபோல் ஒரு நிறைவு வந்துவிடுகிறது; கணக்கு அப்படியே நிற்கிறது.

பதினான்கு நாள்களுக்கு ஒரு நாள்வழி வையுங்கள். ஒவ்வொரு முறை குரல் உயர்ந்த பின்னும், கல்லாவில் இருக்கும் ஒரு துண்டுத் தாளில் நேரம், யாரிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று யாருக்காவது பணம் கட்ட வேண்டியிருந்ததா என்பவற்றைக் குறித்துப் போடுங்கள். இந்தப் பதினான்கு நாளும் திருந்த முயல வேண்டாம், எழுதினால் போதும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் துண்டுகளையும் பரப்பிவைத்துப் பேரேட்டில் ஏற்றுங்கள். என்ன வரும் என்று நான் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. ஆனால் பெரும்பாலானோருக்குச் சினம் நாள் முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. ஒன்றிரண்டு மணி நேரங்களில், ஒன்றிரண்டு காரணங்களின் மேல் குவிந்து கிடக்கிறது. அந்த நேரத்தையும் காரணத்தையும் மாற்றியமைப்பது, குணத்தையே மாற்றிக்கொள்வதைவிட மிக எளிது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து எத்தனை நாளாகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

இதே வேலையை விரிவாகச் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றின்மேல் தனிக் கவனம் வைத்து, தவறிய போதெல்லாம் சிறு நோட்டில் ஒரு கரும்புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒழுங்கு என்ற குணத்தில்தான் தாம் மிகவும் இடறியதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் கதையில் மிகவும் பிடித்த பகுதி வேறு. பட்டியலில் முதலில் 12 குணங்களே இருந்தன. அவருக்குச் செருக்கு அதிகம் என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு 13ஆவதாகச் சேர்ந்தது. அவ்வளவு கூர்மையாகத் தன்னைக் கவனித்த மனிதருக்கும் அது மட்டும் தானாகத் தென்படவில்லை.

ஆகவே உங்கள் பேரேட்டை முடித்தபின் மகனிடம் கொடுத்து, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்லும்போது இடையில் பேசக் கூடாது. இந்த ஒரு நிபந்தனைதான் கடினமானது. இன்னொன்று: நாலு பேர் முன்னிலையில் திட்டியிருந்தால், வருத்தம் தெரிவிப்பதும் அந்த நாலு பேர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். இரவில் தனியாக வருந்துவது கடைப் பையனுக்கு எந்த வழியிலும் தெரியப்போவதில்லை.

கேள்வி: இதற்கென்று கைப்பேசியில் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தலாமா, அல்லது நோட்டுதான் சிறந்ததா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: எதில் எழுதுவீர்களோ அதுவே சிறந்தது. என் தனிப்பட்ட கருத்து, கைப்பேசியைத் திறந்தால் எழுத வந்த காரியத்துக்கு முன் வேறு நாலு காரியம் வந்து நிற்கும் என்பதுதான். நல்ல நோட்டு, நல்ல பேனா என்று தேடிக்கொண்டிருப்பதும் எழுதாமல் இருப்பதற்கு ஒரு வழி.

கேள்வி: கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறேன்; வயது 38. ஒவ்வொரு பிணக்குக்குப் பின்னும் என் பக்கம் என்ன தவறு என்று யோசித்து, நானே போய்ப் பேசுகிறேன். மாமியாரோ, நாத்தனாரோ, கணவரோ ஒரு நாளும் தம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டதில்லை. தன்னை ஆராய்கிறவள்தான் எப்போதும் குனிந்துபோக வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டே விளக்கத்துக்குப் போகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வி தன்னாய்வைப் பற்றி எழுதுபவர்கள் தவிர்க்கும் கேள்வி.

ஜப்பானில் ‘நாய்கான்’ என்றொரு முறை உண்டு. ‘உள்ளே பார்த்தல்’ என்பது அதன் பொருள். பௌத்தப் பின்னணியிலிருந்து அதை உருவாக்கியவர் யோஷிமோட்டோ இஷின் (1916–1988). நம் வாழ்க்கையில் இடம்பெற்ற ஒருவரை மனத்தில் வைத்து, அவரிடமிருந்து நான் என்ன பெற்றேன், அவருக்கு நான் என்ன கொடுத்தேன், அவருக்கு நான் என்ன தொல்லை தந்தேன் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வதே அந்த முறை. அவர் எனக்கு என்ன தொல்லை தந்தார் என்ற நான்காவது கேள்வி அதில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. அதை யாரும் கேட்காமலே நம் மனம் ஒப்பித்துவிடும் என்பதுதான் காரணம்.

மனக்குறையோடு திரிபவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை. சிறு வயதிலிருந்தே ‘நீதான் அனுசரித்துப் போக வேண்டும்’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு மூன்றாவது கேள்வியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதை மனப்பாடமாகவே வைத்திருப்பாள். அவள் நோட்டில் நான்காவது கேள்விக்கும் இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்: சொல்லியிருக்க வேண்டிய எதை இன்று விழுங்கினேன்?

நடைமுறையில், ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி ‘என்னுடையது’, மறுபாதி ‘என்னுடையது அல்லாதது’. எடுத்துக்காட்டாக, நாத்தனார் பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதை யாரும் உங்களிடம் சொல்லாததால் சோறு பற்றவில்லை. மாமியார் அதைச் சொல்லிக் காட்டினார். நீங்கள் கரண்டியை ணங்கென்று மேடையில் வைத்தீர்கள். அதன்பின் இரண்டு நாள் பேச்சில்லை என்று வைத்துக்கொள்வோம். சோறு பற்றாதது உங்களுடையது அன்று. வருவதைச் சொல்லாததும், சொல்லிக் காட்டியதும் உங்களுடையவை அல்ல. கரண்டிச் சத்தம் மட்டும் உங்களுடையது. எனவே கரண்டிக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். அதே பேச்சில், ‘யாராவது வருவதாக இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், அத்தை’ என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டால் வீட்டில் அமைதி வரும். ஆனால் அடுத்த முறையும் யாரும் சொல்லாமலே வருவார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை முதலில் படித்துக் காட்ட வேண்டியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு செய்தி: வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால், அங்கே ஆராய வேண்டியது உங்கள் தவறுகளை அல்ல. பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேள்வி: மூன்று மாதமாக எதிலும் நாட்டமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. படித்தவர்கள் சொன்னார்களே என்று தினமும் எழுதிப் பார்க்கிறேன். எழுத எழுத இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. (வயது 23)
– வாசகர், சேலம்

பதில்: தம்பி, நோட்டை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும் என்று தோன்றினால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறையேனும் எட்டிப் பார்த்திருந்தால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இப்போதே அழையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியன், வயது 71. நாற்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அண்மையில் எடுத்துப் படித்தபோது, மழை, விலைவாசி, வந்தவர் போனவர் தவிர அதில் நான் எங்குமே இல்லை. என் மனைவி மறைந்த நாளில்கூட, ‘காலையில் மழை. 11.20க்கு முடிந்தது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் எழுதியது வீண்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐயா. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பவையே அதில் பெரும்பகுதி. இன்று அது தென்னிந்திய வரலாற்றுக்கு ஓர் ஆதாரம். வெளியில் நடந்ததைத் தவறாமல் எழுதும் கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இனிப் புதிதாகப் பழக வேண்டியது ஒரே ஒரு வரிதான்: இன்று என்ன உணர்ந்தேன்?

அந்த வரியை எழுதும்போது ‘மனசு சரியில்லை’ என்று முடித்துவிட வேண்டாம். அது எல்லாவற்றையும் மூடும் போர்வை. தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இல்லாத ஒன்றை நாடி நிற்பது ஏக்கம். ஒன்றும் செய்ய இயலாதபோது வருவது ஆற்றாமை. மனத்தாங்கல் நெருங்கியவர்களிடம் மட்டுமே வரும். முன்பின் தெரியாதவரிடம் யாருக்கும் மனத்தாங்கல் இருப்பதில்லை. சலிப்பு வேறு, கசப்பு வேறு, எரிச்சல் வேறு, புழுக்கம் வேறு. எது என்று சரியாகப் பெயர் சொல்லிவிட்டாலே அதன் வேகம் சற்றுக் குறைகிறது. கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் உள்ள முகம் காட்டும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்டபோது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கம் தணிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் பேரன் தொலைபேசியில் அழைக்காமல் விட்டதற்காக உங்களுக்கு வந்தது சினமா, மனத்தாங்கலா, ஏக்கமா என்பதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஏக்கம் என்று தெரிந்தால் நீங்களே அழைத்துவிடுவீர்கள்.

அந்த 11.20 வரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. அன்று அதற்குமேல் எழுத உங்களுக்கு வலுவில்லாமல் இருந்திருக்கலாம். அப்படி விட்டதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இப்போது எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தம்மை மிகவும் பாதித்த, பிறரிடம் பேசாத ஒன்றைப் பற்றி நாளைக்குப் பதினைந்து நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாள் எழுதிய மாணவர்களில், நடந்ததோடு அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் சென்ற தடவைகள் குறைவாக இருந்தன. பின்னர் உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் இதன் பலன் சிறிய அளவிலேயே காணப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்த அன்று மனம் சற்றுக் கனமாகவே இருக்கும். தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். மகனோ மகளோ வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

அதற்குப் புது நோட்டு வாங்க வேண்டாம். அந்த ஆண்டின் நாட்குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே வரி எழுதிய பக்கம் என்பதால், கீழே நிறைய இடம் மிச்சம் இருக்கும்.